செந்தூலில் வார்டு தேர்தல் வந்தால் நம் ஆள் ஜெயிப்பாரா?

வாசகர் ஒருவர் கேட்டது:

"அண்ணே, ஊராட்சித் தேர்தல் வேண்டும் வேண்டும் என்று நீங்களும் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். கோலாலம்பூரில் நாம் பத்துப் பேரில் ஒருவர். தேர்தல் என்று வந்தால் நமக்கு ஒரு சீட்டாவது தேறுமா? நியமனம் என்றால் கட்சிக் கோட்டாவில் நம்மவர் ஒருவராவது உள்ளே இருப்பார். இருக்கிற ஒன்றையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டு ஜனநாயகம் என்று கைதட்டச் சொல்கிறீர்களா?"

ஜூலை 6, இரவு 11.40

தம்பி, படுக்கப் போகிற நேரத்தில் இப்படி ஒன்றைப் போட்டால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்.

1952 பிப்ரவரி 16. கோலாலம்பூரில் முதல் நகராண்மைக் கழகத் தேர்தல். நாலு வார்டு: பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல். வார்டுக்கு மூன்று பேர், மொத்தம் 12 சீட்டு. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்களில் ஒருவர் தேவகி கிருஷ்ணன். மலாயாவில் மக்கள் ஓட்டில் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். நம்மவர், அதிலும் பெண், அதிலும் 1952ல்! எந்தக் கோட்டாவும் அவரை உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை.

இன்னொருவர் பினாங்கில். ஜார்ஜ் டவுன் 1957ல் மாநகரானது. அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். அவர் பேரில் இன்றைக்கும் அங்கே ரோடு இருக்கிறது, முன்பு ஸ்காட் ரோடு. (நம் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஒரு ஸ்காட் ரோடு உண்டு. கந்தசாமி கோவில் இருந்தும் அது இன்னும் ஸ்காட்டாகவே இருக்கிறது.) ஜார்ஜ் டவுன் சீனர் ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு தமிழர் மேயராக உட்கார்ந்தார். 1965ல் தேர்தலை நிறுத்தினார்களே, அதோடு இந்தக் கதையும் முடிந்தது.

நாளைக்கு மிச்சம்.

ஜூலை 7, காலை

நேற்று சூட்டில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். 1965 மார்ச்சில் அப்போதைய பிரதமர் துங்கு நிறுத்தியது நாட்டில் மற்ற ஊர்களின் தேர்தலை. இந்தோனேசியாவோடு கொன்ஃப்ரொன்தாசி என்கிற மோதல் நடந்துகொண்டிருந்தது, அமைதி வந்ததும் மறுபடி நடத்துவோம் என்றார்கள். அடுத்த வருடமே அமைதி வந்துவிட்டது, தேர்தல்தான் வரவில்லை. கோலாலம்பூர் கதை வேறு. இங்கே அதற்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் 1960, அதன்படி 1961 ஏப்ரலிலிருந்து நகராண்மைக் கழகம் கிடையாது, ஒரு கமிஷனர்தான். 1972ல் மாநகரானதும் கமிஷனர் டத்தோ பண்டார், அதாவது மேயர் ஆனார். நாற்காலிக்குப் பேர் மாறியதே தவிர, அதில் உட்காருகிறவரை நீயோ நானோ தேர்ந்தெடுக்கவில்லை.

ஆக ஜார்ஜ் டவுன்காரர்களைவிட நாம் நாலு வருடம் சீனியர். ஓட்டு இழந்ததில்.

ஜூலை 7, மதியம்

இதை எழுதும்போதுதான் தம்பி கேள்வியில் இருக்கிற ஓட்டை கண்ணில் பட்டது. "இருக்கிற ஒரு சீட்டு" என்றாயே, கோலாலம்பூரில் அந்த ஒரு சீட்டு எங்கே இருக்கிறது? இங்கே கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. ஆலோசனை வாரியம் ஒன்று இருக்கிறது. அதில் யார் யார் என்று உன் தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப்பார். நானும் கேட்டேன். ஒட்டுக்கடையில் தே தாரிக் இழுக்கிறவரிடம் கேட்டதற்கு, "அந்த வாரியம் எந்தக் கோவிலுக்கு?" என்றார்.

ஜூலை 9

என் மச்சான் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறான். ஃபெடரல் ஹைவேயில் ஒரு வளைவைத் தாண்டினால் சிலாங்கூர், வேறு உலகம். அவன் பகுதிக்கு நியமன கவுன்சிலர் ஒருவர் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் மரம் விழுந்த படத்தைப் போட்டால் அன்று மாலைக்குள் ஒரு கட்டைவிரலாவது வரும். கட்டைவிரல் மரத்தை வெட்டாது என்பது உண்மைதான், ஆனாலும் யாரிடம் சொல்வது என்பது அவனுக்குத் தெரிகிறது. 1976 சட்டப்படி ஒரு ஊராட்சி மன்றத்துக்கு 8 பேர் முதல் 24 பேர் வரை கவுன்சிலர், மாநில அரசு நியமிக்கும், ஒரு தடவைக்கு மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் நியமனத்திலும் ஒரு நன்மை உண்டு என்று மச்சான் வாதாடுவான், தம்பி மாதிரியே.

நமக்கு என்ன இருக்கிறது? மற்ற மாநிலத்துக்காரனுக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. கோலாலம்பூர்க்காரனுக்கு ஒன்றுதான். 11 தொகுதி, 11 எம்பி, அவ்வளவு. 2023ல் ஆறு மாநிலத்தில் தேர்தல் நடந்தபோது நாம் டிவியில் பார்த்தோம்.

அதனால் நம் ஊரில் எம்பிதான் கவுன்சிலர். ஏன் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டது, ஏன் நாய் குரைக்கிறது, ஏன் பக்கத்து வீட்டுக்காரன் என் இடத்தில் காரை நிறுத்துகிறான், எல்லாம் அவர் தலையில். பாவம், அந்த மனிதர் எப்போது சட்டம் படிப்பார்?

எங்கள் பின்சந்தில் ஒரு விளக்கு ஏழு மாதம் எரியவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டேன், கம்பம் எங்களுடையது இல்லை என்றார்கள். கம்பத்துக்காரர்களைத் தேடிப் போனால், கம்பம் எங்களுடையதுதான், விளக்கு இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதுதான் கோபம். கடைசியில் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் தானாகவே எரிந்தது. என் மனைவி அதற்குச் சூடம் காட்டலாமா என்று கேட்டாள்.

ஜூலை 10

நேற்று எழுத நினைத்து விட்டுப்போனது: ரிம்பா கியாரா. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கிற பூங்கா. அதில் ஒரு பகுதியில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அந்த வட்டாரத்து மக்கள் 2017ல் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆறு வருடம். வார்டுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிற ஊராக இருந்தால், அனுமதி கொடுத்த அடுத்த தேர்தலிலேயே கணக்கு முடிந்திருக்கும். இல்லாத ஊரில் வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் வக்கீல் வைக்கக்கூடிய ஜனங்கள், வைத்தார்கள். செந்தூல் பிளாட்டில் நாங்கள் வழக்குப் போடுவதா, லிஃப்டுக்குக் காசு கட்டுவதா?

ஜூலை 13, ஞாயிறு

தாத்தா செந்தூல் ரயில்வே வர்க் ஷாப்பில் இருந்தவர். சின்ன வயதில் அவர் சொல்லிக் கேட்டது இது. அந்தக் காலத்தில் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் சம்பள நாளன்றுதான் குவார்ட்டர்ஸ் பக்கம் வருவார்களாம். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், நல்ல மனநிலையிலும் இருப்பார்கள். பாட்டி அவர்களிடம் குழாயடியைப் பற்றிக் கேட்பாளாம். எத்தனை குழாய், எத்தனை வீடு, காலையில் எத்தனை வாளி வரிசை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவாளாம். மலாயா சுதந்திரத்தைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால், "அது வரட்டும், குழாய் எப்போது?" என்பாளாம். தாத்தாவுக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பு தாங்காது. குழாய் வந்ததா என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க இருவரும் இல்லை.

(இது 1952ஆ அதற்குப் பிந்திய தேர்தலா என்று என்னைக் கேட்காதீர்கள். தாத்தாவின் கதைகளில் வருடம் கிடையாது, சம்பள நாள் மட்டும்தான்.)

ஜூலை 14

தேவகி கிருஷ்ணன் கதையை முழுதாகச் சொல்லாமல் விட்டது தப்பு. என் வாதத்துக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் நின்றது டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சி சார்பில். எல்லா இனத்துக்கும் பொதுவான கட்சி, இந்தியர் கட்சியான ம.இ.கா. அந்தத் தேர்தலில் அவர்கள் பக்கம்தான் நின்றது. ஆனால் அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள்? மலாய்க்காரர் கட்சி அம்னோவும் சீனர் கட்சி ம.சீ.ச.வும் கைகோத்து 12ல் 9. ஓன் கட்சிக்கு 2. ஒன்று சுயேச்சைக்கு. நாம் நின்ற பக்கம் தோற்ற பக்கம். அதற்கப்புறம் 1954ல்தான் ம.இ.கா. அந்தக் கூட்டணிக்குள் போனது. நாட்டை அறுபது வருடம் ஆண்ட கூட்டணி, கோலாலம்பூரின் நாலு வார்டில் கூட்டிப் பெருக்கிப் பிறந்தது என்பதை நம் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

வார்டுக்கு மூன்று சீட்டு என்பதுதான் இதில் விசேஷம் என்று எனக்குப் படுகிறது. ஒரே ஒரு சீட்டு என்றால் அம்னோவா ம.சீ.ச.வா என்று அடிதடி. மூன்று என்றால் உனக்கு ஒன்று எனக்கு இரண்டு என்று உட்கார்ந்து பேசலாம். தம்பி, உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. பேசுவோம்.

ஜூலை 17

"இன்றைக்கு நிலைமை வேறு, இன்றைக்கு ஒரு தமிழன் தனியாக நின்று ஜெயித்துக் காட்டட்டும்" என்று தம்பி மறுபடி.

2018 மே 9, புதன்கிழமை. பத்து தொகுதி, செந்தூலின் ஒரு பகுதி அதில்தான் வருகிறது. வேட்புமனு நாளில் அந்தத் தொகுதியின் எம்பியாக இருந்த தியான் சுவாவின் மனு தள்ளுபடியாகிவிட்டது. அவருடைய எதிர்க்கட்சிக் கூட்டணி பக்காத்தானுக்கு ஆளே இல்லை. சுயேச்சையாக நின்ற பிரபாகரன் என்கிற 22 வயதுப் பையனைக் கடைசியில் ஆதரித்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். 24 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், நாட்டிலேயே இளைய எம்பி. பத்து ஒன்றும் இந்தியர் பெரும்பான்மைத் தொகுதி இல்லை.

அன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்திருந்தேன். வயதானவர்களின் சாலுரான் (ஓட்டு போடும் வரிசை). காலையில் ஒரு சீனப் பாட்டி வந்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாள். பழக்கமான சின்னம் எதுவும் சீட்டில் இல்லை. வெளியே போகும்போது பேத்தியிடம் என்னவோ கேட்டாள், பேத்தி தலையாட்டியதும் முகம் மலர்ந்தது. ராத்திரி ஓட்டு எண்ணிக்கைப் படிவமான போராங் 14ல் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை நடுங்கியது, பசியில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 18

இல்லை, நேற்றைய வாதம் நிற்காது. ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்த 24 ஆயிரம் பிரபாகரனுக்கு விழுந்ததா, அப்போதைய பிரதமர் நஜீப்புக்கு எதிராக விழுந்ததா? அந்தப் பாட்டி ஓட்டு போட்டது தியான் சுவா கை காட்டிய ஆளுக்கு. அந்த அலையில் யாரை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்றால் அதிலிருந்து வார்டு தேர்தலுக்குப் பாடம் எடுக்க முடியாது. 2022ல் அதே பிரபாகரன் கட்சிச் சின்னத்தில் நின்று மறுபடி ஜெயித்தார், அது கொஞ்சம் கனமான சாட்சி. ஆனால் அதுவும் கட்சி.

சரி, தம்பிக்கு ஒரு புள்ளி. எழுதி வைத்துக்கொள்.

ஜூலை 20

கணக்கு. யாரும் போடுவதில்லை, எல்லாரும் பயப்பட மட்டும் செய்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மேயர் தேர்தல் வேறு, வார்டு தேர்தல் வேறு. ஊர் முழுக்க ஒரே ஒரு நாற்காலிக்கு ஓட்டு என்றால் நமக்கு நேரடியாக வாய்ப்பு குறைவு, அதில் சந்தேகம் இல்லை. இப்போதெல்லாம் பேச்சு வரும்போது பெரும்பாலும் மேயரைத்தான் பேசுகிறார்கள், சண்டையும் அதனால்தான் பெரிதாகிறது. இராமநாதனைக்கூட மக்கள் நேரடியாக மேயராக்கவில்லை, கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். என் முதல் குறிப்பில் இதையும் விழுங்கிவிட்டேன், மன்னிக்கவும்.

வார்டு என்றால், கோலாலம்பூரை 24 துண்டாக வெட்டினாலும் எந்தத் துண்டிலும் நாம் பாதிக்கு மேல் வருவது கஷ்டம். செந்தூலில் கொஞ்சம் கூட்டம், பிரிக்ஃபீல்ட்ஸில் கொஞ்சம் கூட்டம், அங்கேயும் கடைதான் நம்முடையது, குடியிருப்பவர்கள் எத்தனையோ பேர் பூச்சோங், கிள்ளான், ரவாங் என்று போய்விட்டார்கள். வார்டுக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் என்றால் கட்சி யாரை நிறுத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே ஊரை எட்டு வார்டாக வெட்டி, வார்டுக்கு மூன்று சீட்டு கொடு, அதே 24தான். இப்போது எந்தக் கட்சியும் மூன்று பேரையும் ஒரே நிறத்தில் நிறுத்தத் தயங்கும், 1952ல் தயங்கியது போலத்தான். தேர்தல் வேண்டுமா என்று சண்டை போடுகிற நாம் எப்படிப்பட்ட வார்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மச்சானுக்கு இதை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

ஜூலை 22

எதிர்ப்பு நம்மிடமிருந்து மட்டும் வரவில்லை. மலாய்க்கார நண்பர் ஒருவர், ஒரே ஆபீஸில் பதினெட்டு வருடம், மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார், "பட்டணமெல்லாம் சீனர் கைக்குப் போய்விடாதா?" மகாதீரும் 2018ல் பிரதமராக இருந்தபோது ஊராட்சித் தேர்தல் வந்தால் இனச் சண்டை வரும் என்றார். சிலர் நேராக மே 13 இனக் கலவரத்துக்கே போய்விடுவார்கள்.

அங்கேதான் எனக்குப் பொறுக்காது. 1969 மே 13க்கு முன்னால் நடந்தது பொதுத் தேர்தல், மே 10ல். ஊராட்சித் தேர்தல் அதற்கு நாலு வருடம் முன்பே நின்றுவிட்டது, கோலாலம்பூரில் இன்னும் முன்பே. நடக்காத தேர்தல் எப்படிக் கலவரத்துக்குக் காரணம் ஆகும்? அந்தக் கணக்கில் பொதுத் தேர்தலைத்தானே நிறுத்த வேண்டும்?

நண்பரிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "சரி, ஆனால் என் பயம் போகவில்லை" என்றார். நேர்மையான பதில். தம்பியின் பயமும் அவர் பயமும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. அவர் சீனருக்குப் பயப்படுகிறார், நீ எல்லாருக்கும். பட்டணத்துக்கு வந்து குடியேறிய மலாய்க்காரர்கள் இன்று எத்தனை பேர் என்று அவரே என்னிடம் விரல் விட்டு எண்ணினார், அவர் குடும்பத்தில் மட்டும் பதினொன்று.

ஜூலை 24

ஒருவர் கேட்டிருக்கிறார், "இதையெல்லாம் யாராவது முறையாக ஆராய்ந்தார்களா?" என்று. ஆராய்ந்தார்கள். தலைமை தாங்கியவரே நம்மவர்.

செனட்டர் ஆதி நாகப்பன். 1965ல் தேர்தலை நிறுத்தியதும், ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க அரச விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். சிரம்பான், ஜார்ஜ் டவுன் மன்றங்கள் மேல் ஊழல் புகார் வந்த காலம் அது. ஜார்ஜ் டவுனின் அதிகாரத்தை 1966ல் மாநில முதல்வரே எடுத்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் கமிஷன் "போதும் இந்தத் தேர்தல்" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். 1968 டிசம்பரில் அவர்கள் முடித்த அறிக்கை தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1971 வரை வெளியிடவே இல்லை. அப்புறம் 1976ல் ஊராட்சிச் சட்டம் வந்தது, அதன் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. ஆளுங்கட்சிக் கூட்டணியில் இருந்துகொண்டே ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத அறிக்கையை எழுதிய மனிதர். ம.இ.கா. மேடையில் ஆயிரம் பேரைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பேசி நான் கேட்டதில்லை. நான் போன மேடைகள் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 25

பினாங்கு நண்பர் கோபித்துக்கொண்டார், எங்கள் ஊரை விட்டுவிட்டாயே என்று. சரி. போருக்குப் பிறகு மலாயாவில் நடந்த முதல் நகராண்மைத் தேர்தல் ஜார்ஜ் டவுனில், 1951 டிசம்பர் 1ல். ஒன்பது சீட்டில் ரேடிகல் கட்சிக்கு ஆறு. அப்புறம் கொஞ்ச காலம் வருடா வருடம் டிசம்பரானால் தேர்தல். (வருடா வருடம்! நம் வாட்ஸ்அப் குழுக்கள் தாங்குமா?) பின்னால் 2012ல் பினாங்கு அரசு தன் சட்டமன்றத்தில் ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் போட்டு, கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போனது. 2014ல் தள்ளுபடி. அதற்கு அடுத்த வருடம் மாநகர் அந்தஸ்து மட்டும் கிடைத்தது, மேயரும் கிடைத்தார், நியமனத்தில்.

போதுமா அண்ணே?

ஜூலை 27, ஞாயிறு இரவு

இன்றைக்கு எங்கள் பிளாட்டில் ஜேஎம்பி (கட்டட நிர்வாகக் குழு) ஆண்டுக் கூட்டம். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து நடக்கிற ஒரே உண்மையான ஊராட்சித் தேர்தல் அதுதான், சொல்லியே ஆக வேண்டும்.

பத்து மணிக்கு என்று நோட்டீஸ். பத்துக்கு வந்தவர்கள் பதினாலு பேர். பாதிப் பேர் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் வந்தவர்களே கோரம், சட்டம் அப்படி. பத்தரைக்குள் நாற்பது தேறியது. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்று பட்டியல் வாசித்தார்கள். பாக்கிக்காரர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள், அது எங்கேயும் வழக்கம்.

எங்கள் பிளாக்கில் இரண்டு தமிழர்கள் நின்றார்கள். ஒருவர் கார்ட் ஹவுஸ் பக்கத்துச் சாமி மேடைக்குக் கூரை போட வேண்டும் என்பவர். இன்னொருவர் முதலில் மோட்டார் சைக்கிளையெல்லாம் நடைபாதையிலிருந்து எடுக்க வேண்டும் என்பவர். போன தீபாவளி விருந்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்ற விஷயமும் உண்டு, அதற்குள் நான் போக மாட்டேன். தமிழர் ஓட்டு நேர் பாதியாகப் பிளந்தது. இருவரும் தோற்றார்கள்.

அதிக ஓட்டு வாங்கியது பி பிளாக் மக்சிக், மலாய்க்கார அம்மா. நாசி லெமாக் விற்கிறவர். மேடைக்கு வந்து ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்தார். லிஃப்ட் நின்ற நாள், திரும்ப ஓடிய நாள், யாருக்குப் போன் அடித்தார், என்ன பதில், ஒன்றரை வருடக் கணக்கு. வேறு எதுவும் பேசவில்லை. நானும் அவருக்குத்தான் போட்டேன். சாமி மேடைக்காரர் என் கை தூக்கியதைப் பார்த்துவிட்டார், லிஃப்டில் இனி எட்டு மாடியும் மௌனம்தான்.

ஜூலை 28

"பார்த்தீர்களா, நம்மவர் இருவரும் தோற்றார்கள், நான் சொன்னதுதானே" என்கிறான் தம்பி.

ஆமாம் தம்பி, தோற்றார்கள். லிஃப்ட் ஓடுகிறதா இல்லையா என்று அடுத்த மாதம் கேள்.

ஆகஸ்ட் 2

தம்பி நேற்று ஒன்று கேட்டான், ஒற்றை வரியில். "அண்ணே, உங்கள் ஓட்டு செந்தூலில் எந்தச் சாவடி?"

பதில் எழுதாமல் ஒரு நாள் ஓட்டிவிட்டேன்.

என் ஓட்டு செந்தூலில் இல்லை. ரவாங்கில் இருக்கிறது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே வீடு வாங்கினார், என் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்றைக்கும் அந்த முகவரிதான். இங்கே வந்து 17 வருடம் ஆகிறது. 2018ல் செந்தூல் பள்ளிக்கூடத்தில் முகவராக உட்கார்ந்துவிட்டு, நடுவில் ஒரு மணி நேரம் வேறு ஆளை உட்கார வைத்து, ரவாங்குக்கு ஓடிப்போய் ஓட்டு போட்டுவிட்டு வந்தேன். இதை நான் எழுதாதது தற்செயல் இல்லை.

மறதியும் இல்லை. ரவாங் சிலாங்கூரில் இருக்கிறது, அங்கே எனக்கு இரண்டு சீட்டு. செந்தூலுக்கு மாற்றினால் ஒன்று. இருக்கிற ஒன்றை விட்டுக்கொடுப்பானேன் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன். எழுதிப் பார்த்தபிறகுதான் இது யார் வாயிலிருந்து வந்த வாதம் என்று தெரிகிறது.

ஆகஸ்ட் 3

மேலே ஒன்று சேர்க்க வேண்டும். நான் ஒருவன் மட்டும் இல்லை. எங்கள் மாடியில் எட்டு வீடு. விசாரித்தேன். இங்கே ஓட்டு உள்ளவை மூன்று வீடுதான். மற்றவர்களுக்கு சுங்கை சிப்புட், பீடோங், ஒரு வீட்டுக்குக் கோத்தா பாரு. இப்போது 18 வயதானால் தானாகவே பதிவாகிறது, ஆனால் ஐசி முகவரிப்படிதான். ஆக நாளைக்கே வார்டு தேர்தல் வைத்தாலும் எங்கள் மாடியின் லிஃப்டைப் பற்றி முடிவு செய்யப்போவது, இங்கிருந்து பூச்சோங்குக்குப் போய் முகவரியை மாற்றாத பழைய குடித்தனக்காரர்கள். கணக்குப் போட்டேனே ஜூலை 20ல், பத்தில் ஒருவர், 24 துண்டு என்று, அந்தக் கணக்கில் இது வரவே இல்லை. யார் எங்கே குடியிருக்கிறார் என்பதை எண்ணினேன், யார் ஓட்டு எங்கே கிடக்கிறது என்பதை எண்ணவில்லை.

ஆகஸ்ட் 9

மனைவி படித்துவிட்டாள். "ஒரு மாதமாக செந்தூல் செந்தூல் என்று எழுதியது ரவாங் ஓட்டுக்காரரா?" என்று கேட்டுவிட்டு, இட்லிமாவு அரைக்கப் போய்விட்டாள். அவள் முகவரியைக் கல்யாணமான வருடமே மாற்றிவிட்டாள்.

ஆகஸ்ட் 13

காலையில் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நம்பர் 1146, கூப்பிட்டுக்கொண்டிருந்தது 1089. தண்ணி பில்லைக் காட்டி முகவரியை மாற்றியாயிற்று. வாக்காளர் பட்டியலில் ஏற இன்னும் சில மாதம் ஆகும் என்கிறார்கள்.

வெளியே வந்து தம்பிக்குப் படம் அனுப்பினேன். "ஒரு சீட்டு போச்சே அண்ணே" என்று பதில். அவன் ஓட்டு எங்கே என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீலக் குறி விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது.